வண்டி கூப்பிடுகிறது

துறைமுகப் போலீஸ்காரர் கேட்டபோது என்ன சொன்னேனோ, அதையேதான் இங்கேயும் எழுதுகிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அவர் எல்லாவற்றையும் எழுதி முடித்து, பேனாவை மூடி வைத்துவிட்டு, "இத என்னை நம்பச் சொல்றீங்களா?" என்றார். நம்புங்கள் என்று அவரிடமும் நான் கேட்கவில்லை. உங்களிடமும் கேட்கப்போவதில்லை. எனக்கு நடந்தது இது. கேட்டுவிட்டு எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பேய் என்றால் இருட்டில்தான் வரும் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தவள்தான். எனக்கு வந்தது பட்டப்பகலில். நான் வேலை பார்க்கும் ஓட்டல் லாண்டரியில், படுக்கை விரிப்புகளைத் தேய்க்கிற பெரிய மிஷின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தபோது. ஏப்ரன் பாக்கெட்டில் இருந்த போனில் வந்தது.

அதற்கு முன்னால் எங்கள் வீட்டு நிலைமையைச் சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். சர்க்கரை வியாதியில் வலது கால் முழங்காலுக்குக் கீழே போனது. அடுத்த வருஷமே கிட்னியும் கையை விரித்துவிட்டது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். ஒரு நாள் தவறினாலும் உடம்பில் நீர் ஏறி, படுக்க முடியாமல், நாற்காலியில் உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவிப்பார். ஆஸ்பத்திரிக்குப் போவதுதான் எங்களுக்குப் பெரிய பாடு. டாக்ஸிக்காரர்கள் தூரத்தில் வரும்போதே சக்கர நாற்காலியைப் பார்த்துவிடுவார்கள். வேகத்தைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். நிறுத்துகிற ஒன்றிரண்டு பேரும், அவரைத் தூக்கி உள்ளே வைக்க முடியாமல் நான் தடுமாறுவதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒருமுறை தெருவிலேயே கை நழுவி அவரைக் கீழே போட்டுவிட்டேன். தார்ரோட்டில் உட்கார்ந்துகொண்டு, "விடும்மா, ரொம்ப நாளாச்சு ரோட்டைத் தொட்டு" என்றார். நான் அன்றைக்கு அழுததுபோல் எந்நாளும் அழுததில்லை.

என் தம்பி வெளிநாட்டில் பழைய கார்கள் விற்கிற ஒரு யார்டில் மெக்கானிக். அவன்தான் எங்களுக்குத் தோதான ஒரு வேனைக் கண்டுபிடித்து வாங்கினான். பக்கவாட்டுக் கதவைத் திறந்தால் ஒரு சாய்தளம் தானாக இறங்கும். நாற்காலியோடு அப்படியே உருட்டி ஏற்றிவிடலாம். உள்ளே நாற்காலியின் சக்கரங்களைப் பூட்டுவதற்கு இடம். வெள்ளை நிறம். ரொம்பப் பழசுதான், ஆனாலும் எஞ்சின் நல்ல எஞ்சின் என்றான். வண்டியைக் கப்பலில் ஏற்றுவதற்கு முன்னால், தீப்பெட்டி அளவுக்கு ஒரு டிராக்கரை முன்சீட்டுக்கு அடியில் ஒட்டினான்.

"அக்கா, இதுல ஒரு சிம் இருக்கு. வண்டி எங்க நிக்குதுன்னு உன் போனுக்கு மெசேஜ் வரும். ஒரு சிவப்பு பட்டனும் இருக்கு. யாராச்சும் அதை அமுக்கினா நேரா உனக்குக் கால் வரும். ஆனா கடல்ல டவர் கிடையாது. கப்பல் கெளம்பினா இது செத்த மாதிரி. அங்க துறைமுகம் வந்ததும் தானா உயிர் வந்துரும்."

அந்த நம்பரை நான் போனில் 'வண்டி' என்று போட்டு வைத்துக்கொண்டேன்.

கப்பல் கிளம்பியது. கார்களை மட்டுமே ஏற்றிச் செல்லும் கப்பல். மாடி மாடியாகக் கார் நிறுத்தும் இடம் போல உள்ளே அடுக்கியிருப்பார்கள் என்று தம்பி சொன்னான். கப்பல் போகிற பாதையைக் காட்டும் வெப்சைட் ஒன்று உண்டு. நீலத்தில் ஒரு சின்ன அம்புக்குறி. என் வீட்டுக்காரருக்கு நாள் முழுக்க அதுதான் வேலை. நான் வேலை முடிந்து உள்ளே நுழையும்போதே செய்தி வாசிப்பார். "இன்னிக்கு நம்ம வண்டி கொஞ்சம் சோம்பேறித்தனமாப் போகுது. நடுக்கடல்ல நின்னு டீ குடிக்குது போல." அவர் சிரித்து நான் பார்த்தது பல மாதங்களுக்கு அப்புறம் அந்த நாட்களில்தான்.

அதன் பிறகுதான் அந்தப் போன் வந்தது.

மதியம் மூன்று இருபது. ஷிஃப்ட் மாறுகிற மணி அடித்த உடனே என்பதால் நேரம் நன்றாக நினைவிருக்கிறது. பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன்.

'வண்டி' என்று வந்தது.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கப்பல் முன்னாலேயே வந்துவிட்டது என்று நினைத்தேன். காதில் வைத்தேன். "ஹலோ" என்றேன். பதில் இல்லை. தொலைவில் ஏதோ உறுமுகிற சத்தம். பெரிய மிஷின் ஒன்று எங்கோ கீழே ஓடிக்கொண்டே இருப்பது போல. எங்கள் லாண்டரிச் சத்தமோ என்று வெளியே நடைபாதைக்கு வந்து கேட்டேன். இல்லை. அது போனுக்குள்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவே நின்றுவிட்டது.

வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "வந்தாச்சா?"

"எங்கேர்ந்து வரும்? நடுக்கடல்ல இருக்கு. சுத்தி ஒரு தீவுகூடக் கிடையாது."

தம்பியைக் கேட்டேன். "வாய்ப்பே இல்லக்கா. சிக்னல் இல்லாம எப்படிக் கால் வரும்? ஏதோ நெட்வொர்க் குளறுபடி. திருப்பிக் கூப்பிட்டுப் பாரு."

கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று பதிவு செய்த குரல் சொன்னது.

நானும் விட்டுவிட்டேன்.

இரண்டாவது அழைப்பு டயாலிசிஸ் பிரிவில் இருந்தபோது வந்தது. காலை வேளை. ஜன்னலெல்லாம் வெயில். வரிசையாகப் படுக்கைகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு மிஷின் சுற்றிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் அசந்து தூங்கிவிட்டார். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். போன் அதிர்ந்தது. வண்டி.

எடுத்தேன். பேசவில்லை. காது மட்டும் கொடுத்தேன்.

அதே உறுமல். அதற்கு மேலே வேறொன்று. முதலில் காற்று என்று நினைத்தேன்.

மூச்சு.

யாரோ வாயால் மூச்சு இழுக்கிறார்கள். இழுப்பதற்கும் விடுவதற்கும் நடுவில் ஒரு சின்ன விசில் சத்தம். அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். நீர் ஏறிய இரவுகளில் என் வீட்டுக்காரர் நெஞ்சிலிருந்து வருகிற அதே சத்தம். திரும்பிப் பார்த்தேன். அவர் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

"யாரு?" என்றேன்.

டொக்... டொக்... டொக்...

கண்ணாடியில் விரல் முட்டியால் தட்டுகிற சத்தம்.

அங்கே ஒரு நர்ஸ் இருக்கிறார். எல்லோரும் பெரியக்கா என்று கூப்பிடுவோம். எதற்கும் அசராதவர். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தார். பேசாமல் போனை அவர் காதில் வைத்தேன். சில நொடிகள் கேட்டார். அவர் கை தானாக என் தோளைப் பிடித்தது.

"இது யாரு? பக்கத்துல ஆள் யாரும் இல்லையா? மூச்சு விட முடியாமத் தவிக்கறாரும்மா."

நான் விஷயத்தைச் சொன்னேன். அவருக்குப் பேயும் தெரியாது, கப்பலும் தெரியாது. மூச்சு மட்டும்தான் தெரியும். "அப்ப வண்டிக்குள்ள யாரோ ஒளிஞ்சு ஏறியிருக்காங்க. உள்ள மாட்டிக்கிட்டாங்க. இங்க என்ன பாத்துக்கிட்டு உக்காந்திருக்க? இவர நான் பாத்துக்கறேன். நீ ஓடு."

ஓடினேன்.

எங்கள் வண்டியைத் துறைமுகத்தில் இறக்கி, பேப்பர் வேலைகளை முடித்துத் தருவதற்கு ஒரு ஏஜெண்ட் இருந்தார். சுருட்டை முடி. எல்லோருக்கும் அவர் சுருட்டைதான். குறுகலான ஆபீஸ், ஒரு கவுண்டர், சுவரில் கப்பல் கம்பெனி கொடுத்த காலண்டர். நான் மூச்சு வாங்க வாங்கச் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார்.

"அக்கா, நடுக்கடல்லேர்ந்து நான் கூப்பிட்டாலே லைன் கிடைக்காது. உங்க வேனுக்குக் கிடைக்குதாக்கும்?"

"ஒரு ஆள் சாகறாருங்க. நான் காதால கேட்டேன். நர்ஸும் கேட்டாங்க."

"சரி... ஒளிஞ்சு ஏறின ஆள்னு சொன்னா கப்பல்காரங்க பயப்படுவாங்க. அப்படியே எழுதிப் போடறேன்."

நான் பார்க்கப் பார்க்கத்தான் எழுதினார். மறுநாள் மதியம் கூப்பிட்டு வரச்சொன்னார். கப்பலில் அந்தத் தளம் முழுக்கத் தேடினார்களாம். எங்கள் வேனையும் திறந்து பார்த்தார்களாம். யாரும் இல்லை. நம்புவதற்காக ஒரு போட்டோவும் அனுப்பியிருந்தார்கள்.

முதல் தடவையாக எங்கள் வேனைக் கப்பலுக்குள் பார்த்தேன். நாலு பக்கமும் பெல்ட் போட்டுத் தரையோடு கட்டியிருந்தது. முன்னாலும் பின்னாலும் கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் வேறு கார்கள். ஒரே ஒரு குழல் விளக்கு.

"பாத்தீங்களா? காலி" என்றார் சுருட்டை.

காலிதான். ஆனால் கண்ணாடிகள் மங்கலாக இருந்தன. மற்ற கார்களின் கண்ணாடியெல்லாம் பளிச்சென்று இருக்க, எங்கள் வேனின் கண்ணாடிகளில் மட்டும் ஆவி படிந்திருந்தது. மழை நாளில் நாலைந்து பேர் அடைந்து உட்கார்ந்திருக்கும் காரில் படியுமே... அப்படி.

உள்பக்கமாக.

"உப்புக்காத்துக்கா" என்றார் அவர். ஆனால் அந்தப் போட்டோவை மறுபடி ஒருமுறை பெரிதாக்கிப் பார்த்தார். அப்புறம் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். வீட்டுக்காரர் வெப்சைட்டில் அந்த அம்புக்குறியையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு அந்த வண்டி வேணும்மா" என்றார் கடைசியில். "பேயோ பிசாசோ, எது உள்ள உக்காந்திருந்தாலும் சரி. அது ஒரு ஓரமா உக்காரட்டும், நான் ஒரு ஓரமா உக்காந்துக்கறேன்." சிரிக்க வைக்கத்தான் சொன்னார். அவர் குரல் சிரிக்கவில்லை.

மூன்றாவது அழைப்பு அடுத்த நாள் சாயங்காலம். நாலு ஐம்பது. நான் அப்போதுதான் வேலை முடிந்து வந்து, அவருக்கு அளந்து வைத்த தண்ணீரைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். போன் மேஜைமேல் இருந்தது. அவர்தான் பார்த்தார்.

"வண்டி கூப்பிடுது."

ஸ்பீக்கரில் போட்டேன்.

உறுமல். மூச்சு. இந்த முறை மூச்சு வேகமாக இருந்தது. குட்டிக் குட்டியாக... நுனி நாக்கில்... நாய் இளைப்பது போல.

தம்... தம்... தம்...

இது விரல் இல்லை. உள்ளங்கை. கண்ணாடியில் உள்ளங்கையால் அறைகிற சத்தம்.

"யாருங்க? உங்களுக்கு என்ன ஆச்சு?"

சத்தம் நின்றது. நான் பேசியது கேட்டுவிட்டது என்று புரிந்தது.

அப்புறம் ஒரு ஆண் குரல். எங்கள் பாஷையில்.

"அக்கா..."

வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா... கதவத் திறக்கச் சொல்லுங்க... நான்தான்க்கா..."

"நீங்க யாரு? பேரைச் சொல்லுங்க."

"நான்தான்க்கா..."

கட்.

அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. பதினெட்டு வருஷம் ராத்திரி லாரி ஓட்டியவர். எந்தப் பேய்க் கதைக்கும் சிரிப்பவர். என் கையை விட்டுவிட்டு, "போ" என்றார். "இப்பவே போ. அவன் நம்மளத்தான் நம்பியிருக்கான்."

நான் போய்ச் சேர்ந்தபோது சுருட்டை ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார். கீழே குனிந்து உள்ளே போய், கவுண்டர் முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கப்பலோடு பேசாமல் எழுந்திருக்கமாட்டேன் என்றேன். கத்தவில்லை. கத்துவதற்குத் தெம்பு இல்லை. அவர் என்னைப் பார்த்தார். என் செருப்பில் ஒன்று வழியிலேயே அறுந்து போயிருந்தது. அதைப் பார்த்தார். ஷட்டரை மறுபடி தூக்கிவிட்டார்.

யார் யாரையோ பிடித்தார். கடைசியில் கப்பலின் சேட்டிலைட் போனுக்கு லைன் வாங்கினார். அங்கே பேசிய அதிகாரி கோபப்பட்டார். ஏற்கெனவே தேடியாகிவிட்டது என்றார். இன்னும் ஒரே ஒரு தடவை, அந்த வேனை மட்டும், அதன் சீட்டுக்கு அடியில்கூடப் பார்க்கச் சொல்லுங்கள் என்று நான் கெஞ்சினேன். நான் சொல்வது அவருக்குப் புரியவில்லை. சுருட்டை சொல்வதும் முழுதாகப் புரியவில்லை. அந்த அம்மா பேசுகிற பாஷை தெரிந்த ஆள் ஒருவன் எங்களிடம் இருக்கிறான், பொறுங்கள் என்றார் அந்தக் கப்பல் அதிகாரி.

காத்திருந்தோம். சுவர்க் கடிகாரத்தில் ஆறு அஞ்சு.

போன் கை மாறுகிற சத்தம் கேட்டது.

"அக்கா, சொல்லுங்கக்கா. கவலைப்படாதீங்க. அந்த வேனை ஏத்தும்போது பெல்ட் போட்டதே நான்தான். நானே போய்ப் பாத்துட்டு வர்றேன்."

தெம்பான குரல். மூச்சு இழுப்பு இல்லை. நடுக்கம் இல்லை.

ஆனால்...

அதே குரல்.

'அக்கா' என்று சொல்லும்போது கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்து, கீழே இறக்கி விடுகிற அதே விதம். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் என் மேஜைமேல் கேட்ட குரல்.

வாயைத் திறக்கிறேன். சத்தம் வரவில்லை.

"அக்கா? லைன்ல இருக்கீங்களா? நான்தான்க்கா, நான் போறேன். நீங்க நிம்மதியா வீட்டுக்குப் போங்க."

போகாதே என்று சொல்ல வேண்டும். நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

கட்.

"திரும்பக் கூப்பிடுங்க" என்றேன். எனக்கே கேட்காத குரலில். "அந்த ஆளப் போகவேணாம்னு சொல்லுங்க."

சுருட்டைக்கு ஒன்றும் புரியவில்லை. "இப்பத்தானே போகச் சொன்னீங்க?"

"அவருதாங்க. உள்ள இருந்து கூப்பிட்டது அவருதான்."

அவர் மறுபடி மறுபடி கூப்பிட்டார். லைன் கிடைக்கவில்லை. மெயில் போட்டார். மெசேஜ் போட்டார். பதில் இல்லை. நான் என் போனை எடுத்து 'வண்டி'யைக் கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி கூப்பிட்டேன். அதே குரல். மறுபடி...

எத்தனை தடவை என்று தெரியாது. அந்தப் பதிவுக் குரல் பேசிக்கொண்டிருக்கும்போதே, அதற்கு மேலேயே, போனுக்குள் அழுதேன். கேட்கட்டும், எப்படியாவது அந்த ஆளுக்குக் கேட்கட்டும் என்று. "வராதீங்க. வண்டி கிட்ட வராதீங்க. கையெடுத்துக் கும்பிடறேன், கதவத் திறக்காதீங்க. வராதீங்க..."

சுருட்டை என்னிடமிருந்து போனை வாங்கி அணைத்தார். தன் ஸ்கூட்டரிலேயே கொண்டு வந்து வீட்டில் விட்டுவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு வண்டி கூப்பிடவே இல்லை.

இரண்டு நாள் கழித்து சுருட்டை வீட்டுக்கே வந்தார். வாசலில் நின்றபடியே சொன்னார். உள்ளே வரவில்லை.

அந்த ஆள் டார்ச்சை எடுத்துக்கொண்டு தனியாகத்தான் இறங்கிப் போயிருக்கிறார். அவர் அந்தத் தளத்தில் இருக்கும்போதே புகை அலாரம் அடித்திருக்கிறது. கார் கப்பலில் தீ என்றால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாதாம். ஆட்களை வெளியே எடுத்து, கதவுகளை இறுக மூடி, உள்ளே ஒரு வாயுவை நிரப்புவார்களாம். அது காற்றை விரட்டிவிடும். தீ அணைந்துவிடும். உள்ளே மனுஷன் இருந்தால் அவனும் அணைந்துவிடுவான். அந்த அவசரத்தில் தலை எண்ணியவர்கள் ஒரு ஆளை இரண்டு தடவை எண்ணிவிட்டார்கள். கணக்கு சரியாக இருந்தது. கதவை மூடிவிட்டார்கள்.

வாயு வருவது தெரிந்ததும் அவர் எங்கள் வேனுக்குள் ஏறி, கண்ணாடிகளை ஏற்றிக் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறார். வேனுக்குள் இருந்த காற்று தீரும் வரைக்கும் உயிரோடு இருந்திருக்கிறார். கண்ணாடி முழுக்க உள்ளங்கை அடையாளங்கள்.

சீட்டுக்கு அடியில் இருந்த அந்தத் தீப்பெட்டி டிராக்கர் அவர் கையில் இருந்ததாம். கட்டைவிரல் சிவப்பு பட்டன்மேல்.

தளம் முழுக்கச் சோதித்தார்கள். தீப்பிடித்ததற்கான அடையாளம் எங்கேயும் இல்லை. அலாரம் ஏன் அடித்தது என்று இன்றுவரைக்கும் யாருக்கும் தெரியாது.

வண்டி வந்து சேர்ந்தது. போலீஸ் பிடித்து வைத்துக்கொண்டது. என்னை மூன்று முறை கூப்பிட்டு விசாரித்தார்கள். அந்தப் போலீஸ்காரருக்கு ஒரே கேள்விதான். "ஆள் செத்தது நீங்க கப்பலோட பேசின அன்னிக்கு. வண்டிக்குள்ள ஒரு ஆள் மூச்சு முட்டிச் சாகறான்னு நீங்க புகார் குடுத்தது அதுக்கு முன்னாடி. எப்படித் தெரிஞ்சுது?" பெரியக்கா வந்து சாட்சி சொன்னார். சுருட்டை சொன்னார். என் வீட்டுக்காரர் சக்கர நாற்காலியில் வந்து சொன்னார். கடைசியில் போலீஸ்காரர் கேட்பதை நிறுத்திவிட்டார். பதில் கிடைத்ததால் இல்லை.

அதற்குள் இங்கே ஒரு உயிர் போகப் பார்த்தது. டாக்ஸி கிடைக்காமல் ஒரு டயாலிசிஸ் தவறி, என் வீட்டுக்காரருக்கு உதடு நீலம் பாய்ந்துவிட்டது. எங்கள் லாண்டரி சூப்பர்வைசர் அழுக்குத் துணி ஏற்றும் வேனை அனுப்பி, மூட்டைகளுக்கு நடுவே உட்கார வைத்துக் கொண்டுபோய்ச் சேர்த்தார். கண் விழித்ததும், "என்னையும் துவைச்சுத் தேச்சுக் குடுத்துட்டாங்களா?" என்று கேட்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஒருவழியாகப் போலீஸ் வண்டியை விட்டது. விற்றுவிடு என்று எல்லோரும் சொன்னார்கள். விற்றுவிட்டு எதில் போவது? கண்ணாடிகளை நானேதான் துடைத்தேன். வாரத்துக்கு மூன்று நாள் அதில்தான் போகிறோம். அந்த ஆள் கிடந்த இடம்தான் நாற்காலியைப் பூட்டுகிற இடம். என் வீட்டுக்காரர் ஏறி உட்கார்ந்ததும், "தம்பி, கொஞ்சம் தள்ளி உக்காருப்பா" என்று மெதுவாகச் சொல்வார். முதலில் வேடிக்கைக்குச் சொன்னார். இப்போது வேடிக்கைக்குச் சொல்வதில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

போன மாதம் ஒரு பெண் எங்கள் வீட்டைத் தேடி வந்தாள். சின்ன வயது. பள்ளிக்கூடப் பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை பார்க்கிறாளாம். வாசலில் நின்ற வேனைப் பார்த்தபடி, "அவர் கடைசியா இருந்த எடத்துல ஒரு நிமிஷம் உக்காந்துட்டுப் போறேன்" என்றாள். வேனுக்குள் செத்துப்போன அந்தக் கப்பல்காரரின் மனைவி.

"உள்ள வாங்கம்மா" என்றேன்.

அவள் சட்டென்று என்னைப் பார்த்தாள்.

"அக்கா... இன்னொரு தடவை பேசுங்க."

"என்னம்மா?"

போனை எடுத்து எதையோ தேடினாள். கப்பல் கரையை விட்டுக் கிளம்பிய அன்று, சிக்னல் போவதற்குள் அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் என்றாள். அன்றைக்கு எனக்கு ஒரு அழைப்புகூட வந்திருக்கவில்லை. அந்த ஆளை எனக்குத் தெரியாது. அவருக்கு என்னைத் தெரியாது.

போட்டுக் காட்டினாள்.

முதலில் அந்த உறுமல். அப்புறம் அவர் குரல், தாழ்வாக, பாதி சிரிப்போடு. "கேளேன், ஒரு வேடிக்கை. காலி வேனு. உள்ள யாரோ ஒரு அக்கா அழுவுறாங்க. திறந்து பாத்தா யாரும் இல்ல. என்ன சொல்றாங்கன்னும் புரியல. பாவமா இருக்கு. சமயம் கெடைக்கும்போது வந்து என்னன்னு பாக்கணும்... இரு, கேக்குதா?"

போனை வேனுக்குப் பக்கத்தில் கொண்டுபோயிருக்க வேண்டும்.

அழுகை. உடைந்து உடைந்து, இரைச்சலுக்குள் முங்கி முங்கி.

"...தீங்க... கிட்ட வரா... கையெடுத்துக் கும்... திறக்கா... வரா..."

என் குரல்.

அவள் நிறுத்தப் போனாள். வேண்டாம் என்று தலையாட்டினேன். வேறு ஏதோ கேட்டது. போனை வாங்கிக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டேன்.

என் அழுகைக்குப் பின்னால், இன்னொரு பெண் பேசிக்கொண்டிருந்தாள். நிதானமாக. சொன்னதையே திருப்பித் திருப்பி.

நீங்கள் அழைக்கும் எண் தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளது... நீங்கள் அழைக்கும் எண்...